கையில் இட்ட பெருக்கல் குறி

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு தமிழம்மா என்னிடம் கேட்டபோது, வாஷிங்டன் நகரம் சென்று வந்த நான் வெள்ளை மாளிகையைப் பற்றியோ லிங்கன் நினைவகத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றையெல்லாம் நானும் பார்த்தேன். லிங்கன் சிலையின் முன் நின்று படமும் எடுத்துக்கொண்டேன். ஆயினும் ஊர் திரும்பிய பின் என் நினைவில் அடிக்கடி வருவது ஒரு சனிக்கிழமை இரவுதான். அன்று ஒரே மேடையில் நான்கு ராக் இசைக் குழுக்களைக் கேட்டேன். அதில் ஒன்றில் என் அக்கா இருந்தாள்.

முதலில் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் பெரியம்மா வீணை ஆசிரியை. முப்பது ஆண்டுகளாக வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்து வருகிறார். நானும் அவரிடம் இரண்டு ஆண்டுகள் கற்றேன். பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வைச் சாக்காக வைத்து நிறுத்திவிட்டேன். பெரியம்மாவின் மகளாகிய அக்காவோ ஒன்பது ஆண்டுகள் கற்றவள். கை சுத்தம், ஞானம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு குறைதான்: முதற் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகும்போது ஓடிவிடுவாள். "ஓடாதே! தாளம் என்ன நாயா, உன்னைத் துரத்துவதற்கு?" என்று பெரியம்மா அதட்டுவது தெருமுனை வரை கேட்கும்.

அக்கா இப்போது வாஷிங்டனில் ஓர் ஆய்வகத்தில் பணிபுரிகிறாள். போகும்போது பெட்டி செய்து வீணையையும் எடுத்துச் சென்றாள். விமானத்தில் அதற்குக் கொடுத்த கூலியைப் பெரியப்பா இன்றும் சொல்லிக் காட்டுவார். 2024 ஆம் ஆண்டு மே மாதம் என் அப்பாவுக்கு அந்நகரில் இரண்டு வாரம் அலுவலகப் பயிற்சி வந்தது. பள்ளி விடுமுறையாதலால் நானும் உடன் சென்றேன். அப்பா விடுதியில் தங்க, நான் அக்காவின் வீட்டில் தங்குவதென்று ஏற்பாடு.

புறப்படும் முன், முறுக்கு டின்னை என் கையில் கொடுத்துவிட்டுப் பெரியம்மா தணிந்த குரலில் சொன்னார்: "அவள் வீணையைத் தொடுகிறாளா என்று பார்த்து வந்து சொல். கேட்டால், 'பாட்டுப் பயிற்சி நடக்கிறதும்மா' என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நீ பொய் சொல்ல மாட்டாய், அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்."

அக்காவின் அறைக்குள் நுழைந்த உடனேயே விடை தெரிந்துவிட்டது. வீணைப் பெட்டி அலமாரியின் உச்சியில் இருந்தது. அதன் மேல் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி. கட்டிலருகே ஒரு தாங்கியில், நீண்ட கழுத்தும் தடித்த தந்திகளுமாக ஒரு பேஸ் கிட்டார் நின்றது. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதை அக்கா கவனித்துவிட்டாள். "சனிக்கிழமை என்னோடு வா. பார்த்துவிட்டு அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

அவள் குழு வாசிப்பதை 'இண்டி ராக்' என்கிறார்கள். 'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கமாம். நம் ஊர்த் தேர்தலில் எந்தக் கட்சியின் சின்னமும் இல்லாமல் சுயேச்சையாக நிற்பவரைப் போல, பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் தயவு இல்லாமல், தாமே பாடல் கட்டி, தாமே பதிவு செய்து, தாமே விற்கும் குழுக்கள் என்று நான் புரிந்துகொண்டேன். (சுயேச்சைகளுக்குப் பெரும்பாலும் டெபாசிட் போவது போலவே இவர்களுக்கும் கைப்பணம் போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.) பெயர் போடக் கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டதால் குழுக்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை.

நிகழ்ச்சி நடந்த இடம் பதினான்காம் தெருவிலுள்ள 'பிளாக் கேட்' என்னும் மன்றம். சுரங்க ரயிலில் யூ தெரு நிலையத்தில் இறங்கி, கிட்டாரைச் சுமந்தபடி நடந்தோம். ஒரு காலத்தில் அந்த வட்டாரம் கறுப்பின மக்களின் கலைத் தலைநகராய் விளங்கியது என்று அக்கா சொன்னாள். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வளர்ந்த பகுதி அது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது எழுந்த கலவரத்தில் அந்தத் தெருக்கள் எரிந்தன. பிறகு பல ஆண்டுகள் பாழாகக் கிடந்தன. 1993 இல் இந்த மன்றம் தொடங்கப்பட்டது. 2001 இல் அதே தெருவில் சற்றுத் தள்ளியிருந்த கட்டடத்துக்கு மாறியது. இன்றோ சுற்றிலும் கண்ணாடி பதித்த அடுக்குமாடி வீடுகள்! அவற்றின் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

வாயிலில் நின்றவர் என் கடவுச்சீட்டைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, கறுப்புப் பேனாவால் புறங்கையில் பெரிதாகப் பெருக்கல் குறி ஒன்றை இட்டார். ஏதோ தவறு செய்து அகப்பட்டவளைப் போல நான் விழித்தேன். உள்ளே பின்புறத்தில் மது விற்கும் இடம் உண்டு. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு அங்கே எதுவும் ஊற்றக் கூடாது என்பதற்கான அடையாளமாம் இது. ஆங்கில எழுத்தாகிய எக்ஸ் என்று அவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் பாடத்தில் நான் வாங்கும் மதிப்பெண்களால் எனக்கு அது பெருக்கல் குறியாகவே பட்டது.

அந்தக் குறிக்கு ஒரு கதை உண்டு. 1980 இல் இதே நகரைச் சேர்ந்த 'டீன் ஐடில்ஸ்' என்ற சிறுவர் குழு கலிபோர்னியாவுக்குப் பயணம் போனது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மன்றத்தில் அவர்கள் கைகளில் இவ்வாறு குறியிட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் அதே வழியை இங்குள்ள மன்றக்காரர்களிடம் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். "நாங்கள் குடிக்க வரவில்லை, கேட்க வருகிறோம். குறியிட்டு உள்ளே விடுங்கள்" என்பது அவர்களுடைய வாதம். அதே ஆண்டு திறக்கப்பட்டிருந்த '9:30 கிளப்' உள்ளிட்ட இடங்களில் சிறு வயதினருக்கும் கதவு திறந்தது. ஆண்டு முடிவதற்குள் அந்தக் குழு கலைந்துவிட்டது. ஆனால் நிகழ்ச்சிகளில் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். அதற்கான உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்களாம். அப்படிப் பிறந்ததுதான் 'டிஸ்கார்ட்' என்னும் வெளியீட்டகம். அந்த முதல் தட்டின் உறையில் அச்சாகியிருப்பதும் குறியிட்ட இரண்டு கைகளின் படமே. பெரியவர்கள் தடுப்பதற்காகப் போட்ட குறியைப் பிள்ளைகள் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள் என்று எண்ணிச் சிரித்தேன்.

மாடியிலுள்ள கூடம் நம் பள்ளி அரங்கத்தைவிடச் சற்றுப் பெரியது. தரை சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. நாற்காலிகள் போடவில்லை, எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். நாங்கள் மாலை ஐந்து மணிக்கே போய்விட்டதால், ஒலி சரிபார்ப்பதையும் பார்க்க முடிந்தது. அதில் ஒரு விந்தை: கடைசியாக வாசிக்கப் போகும் குழுவே முதலில் சரிபார்க்கிறது; முதலில் வாசிப்பவர்கள் கடைசியில்தான் மேடை ஏறுகிறார்கள். அப்போதுதான் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் மேடை முதற் குழுவுக்குப் பொருத்தமாக அமைந்திருக்கும். நான்கு குழுவுக்கும் ஒரே டிரம்ஸ்தான். அவரவர் தாளத் தட்டுகளை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வந்து மாட்டிக்கொள்கிறார்கள். நம் கச்சேரிகளில் மிருதங்கத்தை இன்னொருவர் தொட விடுவார்களா, சொல்லுங்கள்!

அக்கா என்னை ஓரத்திலிருந்த மேசையருகே தன் தோழி ஒருவரிடம் ஒப்படைத்தாள். குழுக்களின் இசைத்தட்டுகளையும் டீ சட்டைகளையும் அங்கே பரப்பி வைத்திருந்தார்கள். அந்தத் தோழிக்கு ஐம்பது வயது இருக்கும், பள்ளி ஆசிரியை. முதல் வேலையாக, பஞ்சு போன்ற இரண்டு அடைப்பான்களை என் காதில் செருகச் சொன்னார். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் காது பொறுக்குமாம்; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்; 100 டெசிபல் என்றால் கால் மணி நேரந்தான். "கணக்குப் போட்டுப் பார்" என்றார். ஆசிரியைகள் எங்கு போனாலும் ஆசிரியைகளே!

அவர் தம் பள்ளிப் பருவத்திலிருந்தே இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு வருபவர். 1987 முதல் 2002 வரை வாசித்த 'ஃபுகாசி' என்ற குழு பெரும்பாலும் ஐந்து டாலர் நுழைவுக் கட்டணத்தில், எல்லா வயதினரையும் அனுமதித்து வாசித்ததைச் சொன்னார். கூட்டத்தில் யாராவது மற்றவரை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டை நடுவில் நிறுத்திக் கண்டிப்பார்களாம். ஆனாலும் அந்நாளில் முன்வரிசை பையன்களுக்கே. பெண்கள் அவர்களுடைய மேற்சட்டைகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். 1991 கோடையில் 'பிகினி கில்', 'பிராட்மொபைல்' என்ற குழுக்களின் பெண்கள் இந்நகருக்கு வந்து தங்கியபோது இங்கே 'ரயட் கர்ல்' இயக்கம் எழுந்தது. கையால் எழுதி நகலெடுத்த சிற்றிதழ்களைப் பெண்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். பிகினி கில்லின் பாடகி கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்தே பெண்களை முன்னால் வரச் சொல்லி அழைப்பதை வழக்கமாக்கினார். "அன்று நான் பிடித்திருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போனேன். அது யாருடைய சட்டை என்றுகூட இப்போது நினைவில்லை" என்றார் ஆசிரியை.

முதற் குழு கல்லூரி மாணவர் மூவர். உண்மையைச் சொன்னால், நன்றாக இல்லை. பாடியவர் தம் காலணியைப் பார்த்தே பாடினார். மூன்றாம் பாட்டில் டிரம்ஸ்காரர் ஒரு வழியும் மற்றவர்கள் ஒரு வழியும் போனார்கள். நாற்பது பேர்தான் அப்போது இருந்தார்கள். ஆனால் அந்த நாற்பது பேரில் இருபது பேர் அன்றிரவு வாசிக்க வேண்டிய மற்ற குழுக்காரர்களும் அவர்களுடைய நண்பர்களும். ஒருவரும் வெளியே போகவில்லை. நம் ஊரில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் காண்டீனுக்கு எழுந்து போகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குழுவில் இரண்டே பேர். ஒருவர் கிட்டார், நரைத்த தலையுடன் ஓர் அம்மையார் டிரம்ஸ். அன்றைய இரவின் மிகச் சிறந்த இசை அவர்களுடையதே என்பது என் கருத்து. அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. இந்த மலரைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அந்த அம்மையார் அடிக்கும் ஒவ்வோர் அடியும் காதுக்கு வரும் முன்பே தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அங்கேதான் விளங்கியது. விலா எலும்பு நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவருடைய விலா எலும்பும் அதே நொடியில் நடுங்குகிறது என்பது தெரிகிறது. திருவிழாவில் பேண்டு வாத்தியம் நம்மைக் கடந்து போகும்போது வயிற்றில் ஏற்படுமே, அந்த உணர்ச்சி அரை மணி நேரம் நீடித்தால் எப்படியிருக்கும்! நான் ஆசிரியையின் கையை விட்டு முன்வரிசைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவதாக அக்காவின் குழு. அவள் பாடவில்லை, ஓரமாக, பாதி இருட்டில் நின்று வாசித்தாள். பேஸ் கிட்டாரில் நான்கு தந்திகள். எல்லாம் கனத்த, தாழ்ந்த ஒலி. பாடகியையும் கிட்டாரையும் எல்லோரும் கேட்கிறார்கள். பேஸை யாரும் கேட்பதில்லை, ஆனால் அது நின்றால் வீட்டின் அடித்தளம் போனது போலிருக்கும். நான்கு பாட்டு முடிந்து ஐந்தாம் பாட்டின் நடுவே 'டப்' என்று ஒரு சத்தம். பாடகியின் கிட்டாரில் தந்தி அறுந்துவிட்டது.

பாட்டு நின்றது. அடுத்து வாசிக்க வேண்டிய குழுவைச் சேர்ந்தவர் மறுபேச்சின்றித் தம் கிட்டாரைக் கழற்றி நீட்டினார். ஆனால் அது வேறு சுருதியில் கூட்டப்பட்டிருந்தது; பாடகி மண்டியிட்டு அதைச் சரிசெய்யத் தொடங்கினாள். கூட்டத்தில் பேச்சுக் குரல் எழுந்தது. இருநூறு பேர் முன்னால் ஒன்றும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்பது பேச்சுப் போட்டியில் வரி மறந்து நின்ற எனக்குத் தெரியும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொன்றாக: ஸஸ ரிரி கக மம.

தோழியரே, எனக்கு உடல் புல்லரித்தது. அது ஜண்டை வரிசை! மாயாமாளவகௌளையில், வீணை பிடிக்கும் எந்தக் குழந்தையும் முதல் ஆண்டில் அழுதுகொண்டே வாசிக்கும் பாடம். இரட்டையில் இரண்டாம் ஸ்வரத்தை அழுத்த வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்டளை. அக்கா அழுத்தினாள். அந்தக் கனத்த தந்தியில் ஸட்ஜமும் அதை ஒட்டியுள்ள ரிஷபமும் அடுத்தடுத்து விழுந்தபோது, இடி முழங்கப் போகும் வானம் போலக் கூடம் இருண்டது. பேச்சு அடங்கியது. பக்கத்திலிருந்த ஒருவர் இதுவும் பாட்டின் ஒரு பகுதி என்று எண்ணித் தலையாட்டத் தொடங்கினார்.

முதற் காலம் முடிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இங்கேதானே எப்போதும் ஓடுவாள்! இரண்டாம் காலம். ஓடவில்லை. என் தொடையில் நானே தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்; விரல் சரியாக வந்து விழுந்தது. டிரம்ஸ்காரர் புரிந்துகொண்டு மெல்லச் சேர்ந்துகொண்டார். மூன்றாம் காலத்துக்கு வந்தபோது கூட்டமே காலால் தட்டியது. பாடகி எழுந்து நின்று தலையசைத்ததும், நின்றுபோன பாட்டை அப்படியே எடுத்து முடித்தார்கள். மொத்தம் மூன்று நிமிடம்கூட இராது.

நான்காவது குழுவில் ஒரு டிரம்பெட் இருந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும். என் மனம் அங்கே இல்லை.

நள்ளிரவில் பணம் பிரித்தார்கள். மன்றத்தின் பங்கும் ஒலியமைப்பாளர் கூலியும் போக, நான்கு குழுவுக்கும் பகிர்ந்ததில் அக்காவின் கைக்கு வந்தது 42 டாலர். வீடு திரும்ப வாடகைக் காருக்கே அதில் பாதி போயிற்று. "ஏன் அதை வாசித்தாய்?" என்று காரில் கேட்டேன். "யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று" என்றாள். பிறகு வீடு வரும் வரை சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. அங்கே காலை எட்டரை மணி, இங்கே மாலை ஆறு. பெரியம்மா கைபேசியில் முகம் காட்டி அழைத்தார். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. தலைமுடியை ஒதுக்குவதற்காகக் கையைத் தூக்கினேன்.

"கையில் என்னடி கறுப்பாக? மருதாணியா?"

"பெருக்கல் குறி, பெரியம்மா."

அதன் பின் மறைக்க வழியேது? எல்லாவற்றையும் சொன்னேன். "குடிக்கிற இடமா?" என்றார். ஆம், ஆனால் எனக்கும் மதுவுக்கும் நடுவே அந்தக் குறி இருந்தது என்றேன். "வீணை?" என்றார். பெட்டியில் இருக்கிறது, மேலே தூசி என்றேன். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அடிப்பது இங்கே கேட்டது. சமையலறை வாசலில் அக்கா காப்பிக் கோப்பையுடன் அசையாமல் நின்றாள். அறுந்த தந்தியைப் பற்றியும் ஜண்டை வரிசையைப் பற்றியும் அதன் பிறகுதான் சொன்னேன்.

"மூன்று காலமுமா?"

"ஆமாம்."

"இரண்டாவதற்குப் போகும்போது ஓடினாளா?"

"இல்லை பெரியம்மா. ஓடவில்லை. நான் தாளம் போட்டுப் பார்த்தேன்."

மீண்டும் கடிகாரச் சத்தம். "அவளைக் கூப்பிடு" என்றார்.

கைபேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கை கழுவுவதற்காகக் குளியலறைக்குள் போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் குறி போகவில்லை. இரண்டு நாள் இருந்தது. குழாயை நிறுத்தியபோது கூடத்திலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது.

"அதை இப்படி எடுத்து வந்து காட்டு. எத்தனை தந்தி?"

"நாலு தந்தி, அம்மா."

"தாளத் தந்தி கிடையாதா?"